ஃப்ளூ பரவினால் ஆம்புலன்ஸ் ஆட்களை எப்படித் தயார் செய்வது? கம்பம் - குமுளி சாலையை முன்வைத்து

கேள்வி இதுதான். கம்பத்தில் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் சில தன்னார்வலர்களும் சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகிறார்கள். மலைமேல் கேரளப் பக்கம் இருக்கும் குமுளி, வண்டிப்பெரியாறு வரை போய் ஆளை ஏற்றி வருகிறார்கள். இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பெரிதாகப் பரவினால் தங்கள் ஆட்களை எப்படித் தயார் செய்வது, ஒரு நாள் வகுப்பு போதுமா என்று அந்தக் குழுவை நடத்துபவர் கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் போதும். ஆனால் அதை மண்டபத்தில் உட்கார்ந்து கழித்தால் பத்து நாள் வைத்தாலும் போதாது. இந்த மாதிரி வகுப்புகள் எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஒரு டாக்டர் வந்து வைரஸ் படத்தைத் திரையில் காட்டுவார், எச் என்றால் என்ன, என் என்றால் என்ன என்று விளக்குவார், அப்புறம் டீ, பிஸ்கட், சான்றிதழ், குரூப் போட்டோ. வண்டி ஓட்டுகிறவருக்கு வைரஸின் மேல்தோல் புரதம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பல வருடங்களாக ஆம்புலன்ஸ் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நான் பார்த்தவரை, நோயாளியை ஏற்றும்போது எல்லோரும் உஷாராகத்தான் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்ட பிறகு வருகிற பத்து, பதினைந்து நிமிடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். "அப்பாடா" என்று மாஸ்கை இழுத்துத் தாடைக்குக் கீழே விடுவது, அதே கிளவுஸோடு போனை எடுப்பது, அப்படியே ஸ்டீயரிங்கைப் பிடிப்பது, ஸ்ட்ரெச்சரை மட்டும் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்புவது. அதனால் பயிற்சி நேரத்தில் பாதியை இந்தக் கடைசிக் கட்டத்துக்கே ஒதுக்குங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

நோயைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கிருமி உள்ளே போன ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சல் வரும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அந்த ஆள் மற்றவருக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார், குழந்தைகள் என்றால் இன்னும் கூடுதல் நாள். இருமல், தும்மலில் தெறிக்கும் துளிகள்தான் முக்கிய வழி. ஆனால் ஸ்டீல், பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான பரப்புகளில் கிருமி 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆம்புலன்ஸின் உள்பக்கம் முழுக்க ஸ்டீலும் பிளாஸ்டிக்கும்தான்.

கோவிட் ஞாபகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். ஃப்ளூ அதைவிட அவசரக்காரன். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவ ஏறக்குறைய மூன்று நாள்தான் எடுக்கும். 2009ல் எச்1என்1 வந்தபோது மே மாதம் ஐதராபாத்தில் நாட்டின் முதல் நோயாளி உறுதியானார். ஜூன் 11ல் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேயில் நாட்டின் முதல் மரணம். மூன்று மாதம்கூட ஆகவில்லை. பேப்பரில் செய்தி வந்த பிறகு பயிற்சிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

உங்கள் ஊருக்கென்று ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. கேரளம் உட்பட நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ ஏறும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் ஏறுவதைச் சென்னை, வேலூர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் இரண்டு பக்கமும் ஓடுகிறவர்கள். ஆக ஆடி மாதம் மலைமேல் ஒரு சீசன், ஐப்பசி, கார்த்திகையில் கீழே இன்னொரு சீசன். நடுவில் தினமும் விடியற்காலையில் கம்பம், கூடலூர், உத்தமபாளையத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள். மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து போகிறார்கள். அதில் ஒருவர் இருமினால் போதும். அப்புறம் கார்த்திகை பிறந்ததும் குமுளி வழியாகச் சபரிமலைக் கூட்டம்.

அதனால் தடுப்பூசியை ஜூன் பிறப்பதற்குள், ஏப்ரல் - மே மாதங்களில் போட்டுவிடுவது நல்லது. போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் கலவையும் மாறும், எனவே ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். "போட்டும் காய்ச்சல் வந்துச்சே" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். வரலாம். ஆனால் ஐசியூ வரை போகிற வாய்ப்பு குறையும் என்று சொல்லிவிட்டு, வாக்குவாதம் வளர்க்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

பயிற்சி நாளில் முதலில் பழக்க வேண்டியது, யாரை அவசரமாகத் தூக்க வேண்டும் என்று பிரிப்பது. அரசு வழிகாட்டுதலில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு இருக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி என்றால் ஏ. வீட்டிலேயே இருக்கலாம், பரிசோதனை வேண்டாம், ஓரிரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தாலோ, லேசான காய்ச்சல்தான் என்றாலும் அவர் கர்ப்பிணியாகவோ, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையாகவோ, 65 வயதைத் தாண்டியவராகவோ, சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் உள்ளவராகவோ இருந்தாலோ பி. இவர்கள் டாக்டரைப் பார்த்து ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசல்டாமிவிர் மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் போன்ற தூக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்வது, ரத்த அழுத்தம் இறங்குவது, இதில் எது இருந்தாலும் சி. ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம், ஏற்றுங்கள். பரவல் உச்சத்தில் இருக்கும்போது ஏ பிரிவு ஆட்களும் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். அவர்களிடம் போனிலேயே பொறுமையாக நான்கு கேள்வி கேட்டு வீட்டில் இருக்கச் சொல்லப் பழகினால்தான் சி பிரிவு ஆளுக்கு வண்டி மிச்சமிருக்கும். இதை நடித்துக் காட்டியே பழக்குங்கள். ஒருவர் பதற்றமான மகனாகப் பேசட்டும், இன்னொருவர் போனை எடுத்துப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்று, ஓசல்டாமிவிர் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது நோயாளி பேசும் நிலையில் இருக்க மாட்டார். கூட வந்த அண்ணன் மகனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டு வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் ஆள்தான் அந்த வீட்டம்மாவிடம் "எந்த நாள், காலையா சாயங்காலமா, காய்ச்சல் முதல்ல எப்ப வந்தது?" என்று கேட்க முடியும். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

மாஸ்க், கவுன் விஷயத்தில் கோவிட் காலத்துப் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். சாதாரண ஃப்ளூ நோயாளிக்கு விண்வெளி வீரர் மாதிரி மூடிக்கொள்ள வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் அந்த உடையோடு ஒரு மணி நேரம் இருந்தால் ஓட்டுநரே நோயாளி ஆகிவிடுவார். முதலில் நோயாளிக்கு மாஸ்க் போடுங்கள், அதுதான் மலிவான, பெரிய பாதுகாப்பு. அவருக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தால் அதன் மேலேயே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் போடலாம். பக்கத்தில் இருப்பவருக்கு மூன்றடுக்கு மாஸ்க், கிளவுஸ், இருமல் தெறிக்கும் என்றால் கண்ணாடியும் கவுனும். நெபுலைசர் வைப்பது, சளி உறிஞ்சுவது, அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்துவது, மூச்சுக்குழாயில் குழாய் போடுவது என்று காற்றில் துகள் கிளம்பும் வேலைக்கு என்95 மாஸ்க்கும் கண் பாதுகாப்பும் கட்டாயம். முடிந்தால் ஓடும் வண்டியில் நெபுலைசரையே தவிர்த்து, ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைக்கும் குடுவை) வைத்த இன்ஹேலர் கொடுங்கள். அம்பு பேக்குக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் வைரஸ் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள்.

என்95 போட்டதும் இரண்டு உள்ளங்கையாலும் அதை மூடி, வேகமாக மூச்சை வெளியே விட்டுப் பார்க்க வேண்டும். மூக்கின் ஓரத்தில் கண்ணுக்குக் காற்று அடித்தால் கம்பியை மறுபடி அழுத்த வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றிப் போகும் பட்டை உள்ளது நன்றாக ஒட்டும். தாடி இருந்தால் ஒட்டாது. இங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல். கார்த்திகையில் குழுவில் பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள், சவரம் செய்ய மாட்டார்கள். அவர்களிடம் போய் தாடியை எடுக்கச் சொல்வது அவமரியாதை, எடுக்கவும் மாட்டார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்களை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துவிட்டு, நோயாளி பக்கத்தில் மற்றவர்களை வையுங்கள். இந்த முறைப்பட்டியலை ஐப்பசியிலேயே போட்டுவிட வேண்டும்.

இப்போது கழற்றும் பயிற்சிக்கு வருவோம். இதற்குக் கருவி வாங்க வேண்டாம், சமையலறை மஞ்சள் தூள் போதும். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, எல்லோருடைய கிளவுஸிலும் கவுனின் முன்பக்கத்திலும் பூசுங்கள். பொம்மையையோ ஆளையோ ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, இறக்கி, ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது வரை செய்யட்டும். அப்புறம் அவர்கள் வழக்கமாகக் கழற்றுவது மாதிரியே கழற்றச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். முடிந்ததும் வெள்ளைத் துணியால் கழுத்து, காதுக்குப் பின்புறம், மணிக்கட்டு, போன், சாவிக்கொத்து, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் துடைத்துப் பாருங்கள். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கு யாராவது கடைக்காரரிடம் இருந்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் மஞ்சள் பச்சையாக ஒளிரும், துடைத்தும் போகாத தடம்கூடத் தெரியும். முதல் முறை தன் காது மடலிலும் தன் போனிலும் மஞ்சளைப் பார்க்கிற ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கு மேல் நீங்கள் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை.

அதன்பிறகு முறையைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் கிளவுஸ், உள்புறம் வெளியே வருமாறு உரிக்க வேண்டும். கையைச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடியைப் பின்பக்கமிருந்து எடுக்க வேண்டும். கவுனை முன்பக்கம் தொடாமல் உள்ளே சுருட்ட வேண்டும். மறுபடி கை. வண்டியை விட்டு வெளியே வந்த பிறகு, கடைசியாக மாஸ்க், அதையும் முன்னால் தொடாமல் பட்டையைப் பிடித்து, கீழ்ப்பட்டை முதலில். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் எதிரில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "கை... இப்ப கண்ணாடி... முன்னால தொடாத" என்று. தனியாகக் கழற்றவே கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். மஞ்சளைத் திரும்பப் பூசி, காதில் ஒன்றும் ஒட்டாத வரை செய்யட்டும்.

வண்டி கழுவுவதும் இதே கட்டம்தான். பின்கதவையும் பக்கக் கதவையும் திறந்து காற்றோட விட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். முதலில் சளி, எச்சில் தெரிகிற இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். அழுக்கின் மேல் நேரடியாகக் குளோரின் ஊற்றினால் அது அழுக்கோடேயே மல்லுக்கட்டி வீணாகிவிடும். அப்புறம் 1 சதவீத ஹைப்போகுளோரைட், அதாவது குளோரின் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர், அது பழையதாக இல்லாமல் மூக்கைத் துளைக்கிற வாசனையோடு இருக்க வேண்டும். அன்றன்று கலக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. துணியில் நனைத்துத் துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அது படிந்திருப்பதைக் கிளப்பிவிடும், அடிக்கிறவர் நெஞ்சுக்கும் ஆகாது. பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் விஷவாயு வரும். மானிட்டர், உலோகப் பாகங்களுக்கு 70 சதவீத ஆல்கஹால். எல்லோரும் ஸ்ட்ரெச்சரைத் துடைக்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் பக்கக் கம்பி, சீட் பெல்ட் பூட்டு, ஆக்ஸிஜன் திருகு, கதவின் உள்கைப்பிடி, மேலே தொங்கும் பிடி ஆகியவற்றை மறக்கிறார்கள். மஞ்சள் பயிற்சியில் இதுவும் தெரிந்துவிடும்.

ஓடும்போது ஏசியை உள்காற்றைச் சுழற்றும் நிலையில் வைக்காமல் வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைக்க வேண்டும், பின்பக்க எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தடுப்பு இருந்தால் மூடிவிட வேண்டும். தடுப்பு இல்லாத ஆம்னி வேன் மாதிரி வண்டி என்றால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், ஓட்டுநருக்கும் மாஸ்க். துணைக்கு ஒருவர் மட்டும். அந்த ஒருவர் யார் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யாவிட்டால் நான்கு பேர் ஏறிவிடுவார்கள்.

மலைப்பாதை ஓட்டத்துக்கு ஆக்ஸிஜன் கணக்கு வாய்ப்பாடு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் கேஜில் 150, உள்ளே சுமார் 1,500 லிட்டர். கேஜ் காட்டுவதைப் பத்தால் பெருக்கினால் லிட்டர். அதை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறதோ அதால் வகுத்தால் எத்தனை நிமிடம் என்று கிடைக்கும். பை வைத்த மாஸ்கில் 15 லிட்டர் போனால் முழுச் சிலிண்டர் 100 நிமிடம், பாதிச் சிலிண்டர் 50 நிமிடம். குமுளியில் ஏற்றி மலையிறங்கி, கம்பம், தேனி தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போவதற்குள் பாதிச் சிலிண்டர் தீர்ந்துவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆக்ஸிஜன் ஆரம்பிக்கலாம், நாள்பட்ட பீடி நுரையீரல்காரருக்கு 88 முதல் 92 வரை போதும். தோட்டத்தில் மழையில் நனைந்து வந்தவரின் விரல் சில்லிட்டிருந்தால் கருவி பொய் சொல்லும், விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

எல்லை விஷயம். மேலே நின்று 108 அழுத்தினால் எந்த மாநில டவர் பிடிக்கிறதோ அந்த மாநில மையத்துக்குத்தான் போகும், சென்னையா திருவனந்தபுரமா என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டு பக்கத்து ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவு எண்களை வண்டியில் ஒட்டி வையுங்கள். எந்தப் பிரிவு நோயாளியை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதை இரு மாவட்டச் சுகாதார அலுவலகங்களிடமும் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பரவல் நேரத்தில் சோதனைச்சாவடியில் நின்று விளக்கம் சொல்வது பெரிய தலைவலி. ஒப்படைக்கும்போது வாயால் சொல்வதை நம்பாமல் ஒரு சின்ன அட்டை கொடுங்கள்: வயது, காய்ச்சல் ஆரம்பித்த நாள், ஆக்ஸிஜன் அளவு முதலில் எவ்வளவு இப்போது எவ்வளவு, கொடுத்த மருந்து, கர்ப்பமா, கோழி, வாத்துத் தொடர்பு உண்டா. எண்களைப் படிக்க மலையாளமும் வேண்டாம் தமிழும் வேண்டாம்.

அந்தக் கடைசிக் கேள்வியை விளையாட்டாகச் சேர்க்கவில்லை. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் குட்டநாட்டு வாத்துகளில் 2014ல் பறவைக் காய்ச்சல் (அதுவும் ஒரு வகை இன்ஃப்ளூயன்சாதான்) வந்தது, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எல்லையில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மனிதருக்கு அது தொற்றுவது அபூர்வம், ஆனால் தொற்றினால் உலகளவில் பதிவானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021ல் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் இறந்தான், 2025ல் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் ஒரு குழந்தை. ஆகவே காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் இருந்து, சமீபத்தில் செத்த பறவையைத் தொட்டவர், பண்ணையில் வேலை செய்தவர் என்றால் மட்டும் அந்த முழு உடுப்பை எடுங்கள். என்95, கண் பாதுகாப்பு, கவுன், இரட்டைக் கிளவுஸ். கிளம்புவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள். ஏற்றிய ஆட்கள் பத்து நாள் தங்கள் காய்ச்சலைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஆள் பற்றாக்குறை. மூன்றில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு முறைப்பட்டியல் போட்டுப் பாருங்கள். ஓட்டுநருக்கே காய்ச்சல், இன்னொருவர் குழந்தைக்குக் காய்ச்சல், மூன்றாமவர் மனைவி கர்ப்பிணி. காகிதத்தில் போட்டுப் பார்க்கும்போதே எத்தனை வண்டி ஓடும் என்று தெரிந்துவிடும். காய்ச்சல் வந்தவர் வீட்டில் இருந்தால் அன்றைய காசு போய்விடும் என்றால், அவர் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார், வகுப்பில் நீங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் சரி. குழுவில் சின்னதாக ஒரு நிதி வைத்து, காய்ச்சல் நாட்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பிணிகளையும் ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களையும் நோயாளி பக்கத்தில் வைக்காமல் போன் வேலைக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, பயிற்சிக்கு யாரையெல்லாம் கூப்பிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தோட்ட ஜீப் ஓட்டுநர்களைக் கூப்பிடுங்கள். மேலே யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் முதலில் ஏற்றி வருவது அவர்கள்தான், உங்கள் வண்டி லோயர் கேம்பிலோ கம்பத்திலோதான் அவர்களைச் சந்திக்கிறது. அவர்களுக்கு முழு நாள் வேண்டாம், சாயங்காலம் டிரிப் முடிந்து வந்த பிறகு ஒரு மணி நேரம் போதும். காய்ச்சல்காரருக்கு மாஸ்க் கொடுத்துப் பின்பக்க ஓரத்தில் உட்கார வைப்பது, தார்ப்பாயைச் சுருட்டிவிடுவது, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து உடனே உங்களுக்குப் போன் போடுவது, இறக்கிய பிறகு பக்கக் கம்பியைச் சோப்புத் தண்ணீரில் துடைப்பது. ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு பாக்கெட் மாஸ்க்கும் உங்கள் குழுவின் எண்ணும் இருக்கட்டும்.